சிபடான் போக ஐந்து நாள் போதுமா?

கேள்வி: ஐயா, நானும் 16 வயது மகளும் இந்த ஆண்டு புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தோம். கோர்ஸில் செய்த நான்கு டைவ்தான் எங்கள் அனுபவம். மலேசியாவின் சிபடான் தீவைப் பற்றிப் படித்ததிலிருந்து அங்கே போக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் பயணமாகத் திட்டமிட்டிருக்கிறோம். "சிபடான் பெர்மிட் நூறு சதவீதம் நிச்சயம், முழுப் பணத்தையும் இப்போதே கட்டுங்கள்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். என் கணவருக்கு நீச்சல் தெரியாது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுக்கிறார். அந்தப் பக்கம் ஆள் கடத்தல் நடந்த இடம் என்று அவருக்குப் பயம் வேறு. நாங்கள் போகலாமா?
— மைதிலி, கோவை

பதில்: அன்புள்ள மைதிலி, தாராளமாகப் போகலாம். ஆனால் டிசம்பரில் வேண்டாம், ஐந்து நாளில் வேண்டாம், அந்த ஏஜென்ட் சொல்லும் நிபந்தனையிலும் வேண்டாம். மே மாதத்துக்குத் தள்ளி வையுங்கள், எட்டு ஒன்பது நாளாவது ஒதுக்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சிபடான் மற்ற சுற்றுலாத் தீவுகளைப் போன்றதல்ல. போர்னியோவின் சபா மாநிலத்தில், செம்பூர்ணா ஊருக்குத் தெற்கே, செலிபஸ் கடலில் இருக்கும் சிறு தீவு அது. மொத்தப் பரப்பு 12 ஹெக்டேர் அளவுதான். அரை மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம். அவிந்துபோன எரிமலையின் உச்சியில் பவளம் வளர்ந்து உண்டான தீவு என்பதால், கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே தரை முடிந்து பாதாளம் தொடங்கிவிடும். ஆழ்கடலின் சத்துள்ள நீர் அந்தச் சுவரில் மோதி மேலே வருவதால்தான் சீலா மீன்கள் ஆயிரக்கணக்கில் சுழல்வதும், பாரைக் கூட்டமும், சுறாக்களும், திரும்பிய பக்கமெல்லாம் பேராமையும் அழுங்காமையும் தென்படுவதும்.

கடலடிப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர் ஜாக் கூஸ்டோ 1980களின் கடைசியில் இங்கே படம் எடுத்த பிறகு உலகமே திரண்டு வந்தது. தீவிலேயே ரிசார்ட்டுகள் முளைத்தன. அந்தச் சின்ன இடம் எத்தனை பேரைத்தான் தாங்கும்? 2004 முடிவோடு ரிசார்ட்டுகள் எல்லாவற்றையும் அரசு காலி செய்ய வைத்தது. இன்று பூங்கா ஊழியர்களையும் பாதுகாப்புப் படையினரையும் தவிர வேறு யாரும் அங்கே இரவு தங்க முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று சபா பூங்காத் துறை எண்ணி அனுப்புகிறது. முன்பு 120 ஆக இருந்த எண்ணிக்கையைப் பிறகு சற்றுக் கூட்டியிருக்கிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்களுக்கு அவ்வளவுதான் இடம்.

இந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று மலேசியாவும் இந்தோனேசியாவும் சர்வதேச நீதிமன்றத்துக்கே போனது உங்கள் மகளுக்குப் பிடிக்கும். 2002 டிசம்பரில் சிபடானும் பக்கத்திலுள்ள லிகிதானும் மலேசியாவுக்கு என்று தீர்ப்பு வந்தது. ஆங்கிலேயர் காலத்திலேயே அங்கே ஆமை முட்டை எடுப்பதை முறைப்படுத்தியதும், சிபடானைப் பறவைக் காப்பிடமாக அறிவித்ததும், கலங்கரை விளக்கங்கள் கட்டியதும் நிர்வாகம் நடந்ததற்கான சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆமையைக் காத்ததே தீவின் உரிமைக்குச் சாட்சியாக நின்றிருக்கிறது. பெர்மிட் கிடைக்கவில்லையே என்று எரிச்சல் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த பெர்மிட் விஷயத்துக்கு வருகிறேன். செம்பூர்ணாவிலும், சிபடானுக்கு அருகே உள்ள மபுல் தீவு, கபலாய் மணல்திட்டு பக்கமும் இயங்கும் உரிமம் பெற்ற டைவ் நிறுவனங்கள் வழியாகத்தான் பெர்மிட் கிடைக்கும். பாஸ்போர்ட் விவரம் கொடுத்து உங்கள் பெயரில் வாங்க வேண்டும். பெரும்பாலான ரிசார்ட்டுகள் மூன்று நான்கு இரவு தங்கினால் ஒரு நாள் சிபடான் என்ற கணக்கில்தான் தருகின்றன. ஆகவே கோவையில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஏஜென்ட் "நூறு சதவீதம்" என்றால், எந்த ரிசார்ட், எந்தத் தேதி, எத்தனை பெயருக்கு, கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள். ரிசார்ட்டுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பலாம், பெரும்பாலும் ஒழுங்காகப் பதில் போடுவார்கள். பெர்மிட் கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா, தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

டிசம்பரை நான் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். கடந்த சில ஆண்டுகளாக, ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு மாதம் தீவை முழுவதுமாக மூடிப் பவளத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அது உங்கள் விடுமுறையோடு மோதலாம். அப்புறம், தண்ணீர் தெளிவாக இருக்கும் காலம் என்று அங்கே டைவ் செய்பவர்கள் சொல்வது ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை. உங்களுக்கு மே விடுமுறை கச்சிதமாகப் பொருந்துகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்த நான்கு டைவ்தான். ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். சிபடானுக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழையோ, செய்த டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் போதிய டைவ்களையோ நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். புதுச்சேரியில் கீழே மணல் தெரியும், அதை வைத்து எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். சிபடான் சுவரில் கீழே பார்த்தால் நீலம், முன்னால் நீலம். ஒரு பக்கம் மட்டும் பவளம். நீரோட்டமும் உண்டு, சில நேரம் அது கீழ்நோக்கி இழுக்கும். ஆமையை ரசித்துக்கொண்டிருக்கும்போதே பத்து மீட்டர் கூடுதலாக இறங்கியிருப்போம், உடம்புக்குத் தெரியாது. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கையிலுள்ள டைவ் கம்ப்யூட்டர்தான் சொல்லும். அதை அடிக்கடி பார்க்கிற பழக்கம் வருவதற்கே நாலைந்து டைவ் வேண்டும்.

இன்னொன்று மிதவைக் கட்டுப்பாடு, அதாவது மேலே எழும்பாமலும் கீழே இறங்காமலும் ஒரே ஆழத்தில் மிதப்பது. புதிதாகக் கற்றவர்களில் பலர் தண்ணீரில் இறங்க உதவும் ஈய எடையைத் தேவைக்கு அதிகமாகக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அதைச் சரிக்கட்ட மிதவை ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவார்கள், பிறகு மேலே போவதும் கீழே போவதுமாகத் தடுமாறி, காலால் பவளத்தை உதைப்பார்கள். பல ஆண்டு வளர்ந்த கிளை ஒரு உதையில் போய்விடும். ஈயம் சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. முழு உடையோடு தண்ணீர் மட்டத்தில் நிமிர்ந்து நில்லுங்கள், காலை அசைக்காதீர்கள். ஜாக்கெட்டில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்துப் பிடியுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல இறங்க வேண்டும். மூச்சைப் பிடித்திருக்கும்போதே கிடுகிடுவென்று இறங்கினால் ஈயம் அதிகம். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இதைப் பார்த்தால், காற்று தீரத் தீர அது லேசாகும் என்பதற்காக ஒன்றிரண்டு கிலோ கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மகளும் நீங்களும் பயணத்துக்கு முன் புதுச்சேரி போய் இதை மட்டுமே நோக்கமாக வைத்து இரண்டு மூன்று டைவ் செய்யுங்கள். அங்கே தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கலங்கலில் பழகியவர்களுக்குத் தெளிந்த தண்ணீரில் பதற்றம் வராது.

அட்வான்ஸ்டு கோர்ஸை மபுலில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டைவ், இரண்டு அல்லது மூன்று நாள். ஆழமும் திசையறிதலும் கட்டாயப் பாடங்கள், மற்ற மூன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். மிதவைக் கட்டுப்பாட்டை அதில் ஒன்றாகக் கேளுங்கள். 15 வயது தாண்டியதால் மகளுக்குப் பெரியவர்களுக்கான சான்றிதழே கிடைக்கும். மபுலை சிபடானுக்குக் காத்திருக்கும் இடம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சுவரும் சுறாவும் அங்கே இல்லை. ஆனால் விரல் நீளத்தில் பல நிறக் கணவாய், பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கும் தவளைமீன், அந்தி நேரத்தில் உடைந்த பவளக் குவியலிலிருந்து வெளியே வரும் மாண்டரின் மீன் என்று நுணுக்கிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது தனி உலகம். நிதானமாக மிதக்கக் கற்றால்தான் அதெல்லாம் கண்ணில் படும். சிபடான் நாள் பயணத்தின் பின்பாதியில் வரும்படி ரிசார்ட்டிடம் முன்பே சொல்லிவையுங்கள். எல்லா நேரமும் முடியாது, ஆனால் கேட்காமல் விட்டால் இரண்டாம் நாளே போட்டுவிடுவார்கள்.

சிபடானில் ஆமைக் கல்லறை என்று ஒரு நீரடிக் குகை உண்டு. உள்ளே வழி தவறி மேலே வர முடியாமல் இறந்த ஆமைகளின் எலும்புகள் கிடக்கின்றன. மகள் ஆசைப்படுவாள். குகை டைவ் பயிற்சி இல்லாதவர்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். வழிகாட்டி அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கணவர். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால் பல மருத்துவர்கள் டைவ் செய்ய அனுமதிப்பார்கள், ஆனால் எந்த மாத்திரை என்பது முக்கியம். சில வகை மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்திவிடுவதால், நீரோட்டத்தில் திடீரென்று வேகமாக நீந்த வேண்டியிருந்தால் உடம்பு ஈடுகொடுக்காது. டைவ் மருத்துவப் படிவத்தை ரிசார்ட்டிடம் இப்போதே வாங்கி, அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகட்டும். இந்தக் கையெழுத்து இல்லாமல் மபுல் போய், படிவத்தில் "ஆம்" என்று ஒரு டிக் போட்டால் அன்றைக்கு அவரைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். தீவில் மருத்துவரைத் தேடி அலைய முடியாது. டிக் போடாமல் மறைப்பது அதைவிட மோசம்.

மருத்துவர் சம்மதித்தாலும் நீச்சல் தெரியாதவருக்கு சிபடான் டைவ் கிடையாது. மபுலிலோ கபலாயிலோ ஆழமில்லாத இடத்தில், பயிற்சியாளர் கூடவே இருந்து செய்யும் அறிமுக டைவ் அவருக்குப் போதும். இல்லையென்றால் லைஃப் ஜாக்கெட்டோடு, மூச்சுக்குழாய் வைத்துத் தண்ணீர் மட்டத்தில் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கல் செய்யட்டும். கபலாய் மணல்திட்டைச் சுற்றி ஆழமில்லாத தண்ணீர் இருப்பதால் பயமில்லாமல் பழகலாம். சிபடானில் ஸ்நார்க்கல் மட்டும் செய்யவும் பெர்மிட் வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே நாளில் கிடைக்காவிட்டால் அவரை மபுலில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போய் வாருங்கள்.

அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. 2000 ஏப்ரல் 23 அன்று சிபடான் ரிசார்ட்டிலிருந்து 21 பேரை பிலிப்பைன்ஸின் அபு சயாஃப் தீவிரவாதக் கும்பல் கடத்திக்கொண்டு போனது. அதன் பிறகும் கிழக்கு சபாவில் கடத்தல்கள் நடந்திருக்கின்றன. இப்போது பாதுகாப்புப் படைகள் அந்தக் கடலைத் தொடர்ந்து கண்காணிக்கின்றன, இரவில் படகு ஓட்டத் தடை விதிக்கிறார்கள். ஆண்டுதோறும் ஏராளமானோர் போய் வருகிறார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பும் கிளம்புவதற்கு முன்பும் பயண எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாலைக்கு மேல் படகில் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் சேராது, சேர்ந்தாலும் ஆழ வரம்பு இருக்கும். பாலிசியைப் படித்துப் பார்த்து, வேண்டுமானால் டைவ் காப்பீடு தனியாக எடுங்கள்.

பயணம் இப்படி அமையலாம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோலாலம்பூர், ஒரு இரவு ஓய்வு. மறுநாள் சபாவிலுள்ள தாவாவ் ஊருக்கு விமானம், அங்கிருந்து சாலையில் ஒன்றரை மணி நேரம் செம்பூர்ணா, பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் படகில் மபுல். இந்தியர்களுக்கு இப்போதைக்கு விசா தேவையில்லை, ஆனால் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கோலாலம்பூரிலிருந்து போனாலும் சபாவில் மறுபடியும் பாஸ்போர்ட் பார்ப்பார்கள், பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். தேவையான மலேசியப் பணத்தை (ரிங்கிட்) மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு லோஷனை அப்பிக்கொள்வதற்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், பவளத்துக்கும் நல்லது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நாலைந்து நாள் தொடர்ந்து டைவ் செய்தபின் ரத்தத்திலும் திசுக்களிலும் தங்கியிருக்கும் நைட்ரஜன், விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழியாக மாறினால் ஆபத்து. நான் ஒரு முழு நாளே விடச் சொல்வேன். ஐந்து நாள் திட்டத்தில் எனக்கு உறுத்தியதே இதுதான். போக வர நாட்களையும் இந்த ஓய்வு நாளையும் கழித்தால் தண்ணீருக்கு என்ன மிச்சம்?

அந்த ஓய்வு நாளில் மபுல் கிராமத்தில் நடந்து பாருங்கள். கடலிலேயே வாழ்ந்து பழகிய பஜாவ் மக்களின் கால் நட்ட வீடுகள் அங்கே உண்டு. அவர்களில் பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. குழந்தைகள் சின்னப் படகில் வந்து கையை நீட்டுவார்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மிட்டாய் வீசுவதற்குப் பதில் கிராமத்துக் கடையில் ஏதாவது வாங்குங்கள், அந்தக் காசு அங்கேயே தங்கும்.

முதல் வேலையாகக் கணவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் பதில் தெரிந்ததும் இரண்டு மூன்று ரிசார்ட்டுகளுக்கு ஒரே நேரத்தில் எழுதி, மே மாதத்தில் எந்த வாரம் பெர்மிட் இருக்கிறது என்று கேளுங்கள். தேதியை அவர்கள் உறுதி செய்த பிறகு விமான டிக்கெட் போட்டால் போதும்.