டாக்டர் எழுதும் மாத்திரை அவருடைய மெடிக்கலில் மட்டும்தான் கிடைக்கிறது

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பக்கத்து க்ளினிக் டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரை மட்டும் கிறுக்கித் தருகிறார். க்ளினிக்கை ஒட்டிய மெடிக்கலைத் தவிர வேறெங்கும் அது கிடைப்பதில்லை. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கேட்டாலும் பில் தருவதில்லை. சட்டத்தில் வழி உண்டா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபத்தில் அம்மாவின் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் சிக்கலின் முடிச்சு அந்தச் சீட்டில் இருக்கிறது. சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால், அதே மருந்து வேறு பெயரில் பாதி விலைக்கு இருந்தாலும் வெளிக்கடைக்காரர் மாற்றித் தர முடியாது. ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துகளுக்கு, 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் அதைத் தடுக்கின்றன. ஆனால் மருத்துவர்களின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், 2016இல் திருத்தப்பட்டபடி, மருந்தின் ஜெனரிக் பெயரை, அதாவது கம்பெனி வைத்த பெயரை அல்லாமல் மருந்துக்கே உரிய பொதுப் பெயரை, தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கின்றன. 2023இல் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே நடப்பில் உள்ளன. எனவே அடுத்த முறை, "சார், மருந்தோட பேரையும் எழுதிக் கொடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு.

டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து தருவது குற்றமல்ல. நோயாளியைச் சுரண்டக் கூடாது, அவ்வளவுதான். மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் பொதுத் தடை எதுவும் போடாமல், மாநில அரசுகளே கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான். கம்பெனிகளிடம் பரிசு, பயணச் செலவு வாங்கக் கூடாது என்று 2009 முதல் விதி இருந்தாலும், கையில் ஆதாரமில்லாமல் அதைப் புகாரில் எழுதாதீர்கள். மற்ற உண்மைகளும் அதனால் பலமிழக்கும்.

உங்கள் பிடி வலுவாக இருப்பது விலையிலும் பில்லிலும்தான். அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையை மீறியதாகும். அட்டையை வெட்டி நாலு மாத்திரை தந்தால் நாலுக்கான விலைதான். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். காட்பாடியிலிருந்து ஒருவர் பை நிறையக் காலி அட்டைகளோடு என்னிடம் வந்தார். பில் ஒன்றுகூட இல்லை. என்ன விலை கொடுத்தார் என்பதை எப்படிக் காட்டுவது? நீங்கள் ஜிபே மூலம் பணம் கட்டுங்கள், அட்டையையும் எறியாதீர்கள்.

கடை மீதான புகாரை மருந்து ஆய்வாளரிடமும், டாக்டர் மீதானதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் கொடுங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மருந்துக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

அப்புறம், வழக்கு நடக்கும்வரை பணம் கரைய வேண்டாம். குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இலவசம். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே வரும். தனியார் டாக்டரையே தொடர விரும்பினால், ஜெனரிக் பெயர் எழுதிய சீட்டோடு முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள்.