தகடு தகடாக உரியும் கல் நிலத்தில் மா வைக்கலாமா?

கேள்வி: ஐயா, பெங்களூரு கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறேன். கோலார் தங்கவயல் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. இரண்டடி தோண்டினாலே கரும்பச்சைக் கல் தகடு தகடாக உரிந்து வருகிறது. மண்ணில் காக்காப்பொன் மினுங்குகிறது. மா வைக்க ஆசை. வேர் இறங்குமா? காக்காப்பொன் மரத்துக்குக் கெடுதலா?

பதில்: காக்காப்பொன் என்பது மைக்கா கனிமம்தான்; அதனால் கெடுதல் இல்லை. பழுப்பாக மினுங்குவது பயோடைட் வகையாக இருந்தால், அது மக்க மக்க மண்ணுக்குச் சாம்பல் சத்துகூடக் கொடுக்கும். ஆனால் மிக மெதுவாகத்தான். அதை நம்பிப் பொட்டாஷை நிறுத்திவிடாதீர்கள்.

வேர் இறங்குமா என்பதைத் தகடுகளின் சாய்வுதான் தீர்மானிக்கும். உங்கள் கல் பெரும்பாலும் சிஸ்ட் என்னும் உருமாறிய பாறை. கோலாரில் வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு இது ஒடுங்கிய பட்டையாக ஓடுகிறது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்புதான் பின்னாளில் பூமிக்குள் வெந்து நசுங்கி இப்படி ஆனது. அந்த அழுத்தத்தில் தட்டையான கனிமங்களும் ஊசி போன்றவையும் ஒரே திசையில் படுத்து வளர்கின்றன. அதனால்தான் அந்த வாக்கிலேயே உரிகிறது. ஆற்று வண்டல் மாதிரி அடுக்கடுக்காகப் படிந்ததில்லை. பெங்களூரு லால்பாக் பூங்காவிலுள்ள பாறையும் உருமாறியதுதான், நைஸ் என்பார்கள். அதில் வரி தெரியும், ஆனால் இப்படி உரியாது.

கோலார் பட்டையில் தகடுகள் பல இடங்களில் செங்குத்தாகவே நிற்கும். அது மாவுக்கு நல்லது. நீரும் ஆணிவேரும் இடுக்கு வழியாக இறங்கிவிடும். படுக்கையாக இருந்தால்தான் சிக்கல்: மழைநீர் தேங்கும், வேர் மேலாகவே படரும், பெருங்காற்றில் மரம் சாயும்.

நிலத்தில் மூன்று நான்கு இடங்களில் மூன்றடி நீள அகல ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரைப் பாருங்கள். சாயங்காலம் நீரை நிரப்பிவிட்டுக் காலையில் போய்ப் பாருங்கள். வற்றியிருந்தால் தாராளமாக மா வைக்கலாம். தேங்கியே நின்றால், கடப்பாரையால் அடித்தளத்தை உடைத்துவிட்டு மறுபடி நீர் விட்டுப் பாருங்கள். அப்போதும் வற்றாத இடத்தில் மாவை விட்டுவிடுங்கள். சீத்தாவும் நீர் தேங்கினால் தாங்காது; நீர் வடிகிற இடமானால் ஆழம் குறைந்த சரளை மண்ணிலும் அது பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு யோசனை. பையில் வளர்த்த ஒட்டுக்கன்றின் ஆணிவேர் பல நேரம் சுருண்டிருக்கும். உங்கள் நிலத்தில் குழியிலேயே மாங்கொட்டையை ஊன்றி, கன்று தேறிய பிறகு அங்கேயே ஒட்டுக் கட்டுவதுதான் என் தேர்வு. ஆணிவேர் தொடக்கத்திலிருந்தே இடுக்கைத் தேடி இறங்கும். காய்ப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், பரவாயில்லை. மானாவாரியில் மரம் நிலைப்பதுதான் முக்கியம்.

கல் சோப்பு மாதிரி வழுவழுப்பாக இருந்தால் மக்னீசியம் மிகுந்த வகை. அங்கே சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) பின்தங்கலாம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.யில் மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது கால்சியம், மக்னீசியம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்துத்தான் ஜிப்சம் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

குழியை நிரப்ப மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போதும். சுரங்கத்துச் சயனைட் மேட்டு மணலைத் தயவுசெய்து அள்ளி வராதீர்கள். அரைத்த தாதுவைச் சயனைடில் கழுவிக் கொட்டிய கழிவு அது. பார்க்க நைசான மணல் போலிருந்தாலும் பயிர் மண்ணில் சேரக் கூடாது.

சரி, குழிச் சுவரைப் போட்டோ எடுத்து மண் பரிசோதனை முடிவோடு அனுப்புங்கள். ரகமும் இடைவெளியும் அப்புறம் பேசலாம்.