‘வாங்க’ என்று சொல்ல முடியாத வீடு

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாக்கு ஓரத்தில் ஆறாத புண் ஒன்று இருந்து, அது புற்றுநோய் என்று தெரிந்து, தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தோம். பிறகு 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது.

சொந்தக்காரர்கள் விசாரிக்க வந்தபடி இருக்கிறார்கள். அப்பா யாரையும் பேசாமல் அனுப்புவதில்லை. ஆள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ராத்திரி தூக்கமே கிடையாது. பார்க்கச் சகிக்காமல், ‘அப்பாவால் பேச இயலாது, பேச்சுக் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதி வாசல் கதவில் ஒட்டினேன். அன்றைக்கென்று பார்த்து வலங்கைமானிலிருந்து அத்தை வந்தார். ‘கூடப் பொறந்தவளுக்கும் சேத்துதான் போர்டு போட்டிருக்கியா?’ என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த சாத்துக்குடிப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அதிலிருந்து அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் தினமும் வீடியோ காலில், ‘ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லு’ என்கிறான். வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் இப்போது நானே பதில் சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்பா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

எழுதியதில் தப்பில்லை. வாசல் கதவில் ஒட்டியிருக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் படியேறி வந்தவரை ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ‘போனேன், வான்னு ஒரு வார்த்தை சொல்லலை’ என்ற பேச்சில் தொடங்கி, கல்யாணப் பத்திரிகை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாத பங்காளிகூட, நீங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிட்டால் ‘வாங்க’ சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிளம்பும்போதும் இதே கதை. ‘போயிட்டு வரேன்’ என்றவர், ‘சரி, போயிட்டு வாங்க’ காதில் விழும்வரை செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். ஒரு ஆள் வந்து போவதற்குள், ஒன்றுமே பேசாவிட்டாலும், உங்கள் அப்பா இரண்டு தடவை வாயைத் திறந்தாக வேண்டும். ஐந்து பேர் வந்தால் பத்து தடவை. வாயெல்லாம் புண்ணாக இருந்தாலும் வாத்தியார் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அதனால் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு நீங்கள் வாசலில் நில்லுங்கள். ‘வாங்க’ என்று உள்ளே கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால் அவருக்குப் பாதி பாரம் குறையும். நாக்கு அசைந்தாலே வலிக்கிறது, கும்பிடுவார், நீங்களும் கும்பிட்டால் போதும் என்பதைத் திண்ணையிலேயே, தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுக்கும்போது சொல்லிவிடலாம். உள்ளே போய்க் கட்டிலருகே சொன்னால், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்று அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

என் அம்மாவுக்கு வேறு நோய். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, முகத்து நரம்பில் வருகிற வலி. கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று வரும், சில நொடியில் போய்விடும், மறுபடி வரும். பல் தேய்த்தால், மென்றால், பேசினால், சமயத்தில் மின்விசிறிக் காற்று பட்டால்கூட. முதலில் பல்வலி என்று நினைத்து இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். கார்பமாசெபின் மாத்திரைதான் கடைசியில் கேட்டது. வெளியே பார்த்தால் முகத்தில் ஒரு வீக்கம் கிடையாது, காயம் கிடையாது. அதனால் ஊரில் யாரும் நோய் என்றே நம்பவில்லை. மருமகள் வந்த பிறகு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், ஏதோ மனஸ்தாபம் என்று குடமுருட்டிப் படித்துறையில் பேசிக்கொண்டார்கள். என் மனைவி பட்ட பாடு தனிக்கதை.

அந்த மாதங்களில் எதிர்வீட்டு அக்கா ஒருத்தி மட்டும் சாயங்காலம் வருவார். மடியில் உதிரிப் பூவும் நாரும் இருக்கும். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கதம்பம் கட்டுவார். பூ தீர்ந்ததும் ஒரு துண்டைக் கிள்ளி அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ‘போயிட்டு வரேன்’ சொல்ல மாட்டார். சொன்னால் அம்மா பதில் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். அந்த அக்கா பள்ளிக்கூடம் போனவரில்லை.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியாது. கரண்ட் முடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்தாயிற்று, இனி தேறிவிடுவார் என்று நினைத்துத்தான் இப்போது வருகிறார்கள். ஆனால் வாய்ப்புண் அந்தச் சிகிச்சையின் கடைசியில்தான் உச்சத்துக்குப் போகும். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அப்படியே நிற்கும், ஆற மேலும் வாரங்கள் ஆகும். எச்சில் வேறு வற்றி, பசை மாதிரி ஒட்டும். அவருக்கு மிக மோசமான நாட்களில் உங்கள் திண்ணையில் கூட்டம். இதைப் போனிலேயே சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; கோபித்தாலும் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

சாப்பிடுவதற்கு முன் வாயில் வைத்து மரத்துப்போகச் செய்கிற ஜெல் கொடுத்திருக்கிறார்களா? அது அரை மணி நேரம் போலத்தான் நிற்கும். அந்த நேரம் கஞ்சிக்கு. மரத்திருக்கிறதே என்று அதை விருந்தாளிக்குச் செலவழிக்க விடாதீர்கள். எனக்குத் தெரிந்து நோய் விசாரிக்க வருகிறவர்கள் சரியாகச் சாப்பாட்டு வேளைக்குத்தான் வருவார்கள். முழுக்க வாயை மூடியிருப்பதும் சரியில்லை. வாய் திறக்கும் பயிற்சி, விழுங்கும் பயிற்சி சொல்லியிருந்தால் அதை விடக்கூடாது. விட்டால் தாடை இறுகிக்கொள்ளும். நாளைக்கு நாலு வார்த்தைதான் முடியும் என்றால், அது எந்த நாலு, யாரிடம் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்கு உங்களோடு சண்டை. என்ன சாப்பிடுகிறார், எப்போது செக்கப் என்பதற்கு நீங்கள் சொல்லலாம். ‘மனசு எப்படி இருக்கு?’ என்று அவரைப் பார்த்துக் கேட்டால் நீங்கள் சொல்லக்கூடாது. ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கள். அவர் எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் படித்து, பாதியிலேயே ‘ஓ, அதுவா!’ என்று யாரும் முடித்துவைக்கக் கூடாது. தமிழாசிரியர் வேறு, ஒற்று விடாமல் எழுதுவார், நேரமாகும். பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கத்துகிறவர்களைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள். 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. காந்திக்கு மௌன நாள். பிரிவினைத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மவுண்ட்பேட்டன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். காந்தி பழைய உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி எழுதித்தான் கொடுத்தார். வைஸ்ராய்க்கே படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது என்றால் சிங்கப்பூரில் இருப்பவருக்கு வாட்ஸப்பில் படிக்க என்ன கஷ்டம்? அந்தத் துண்டுகளில் காந்தி இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மௌனத்துக்கு அவர் இரண்டே விலக்கு வைத்திருந்தாராம். ஒன்று, அவசர விஷயமாக உயர் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேசுவது. மற்றொன்று, நோயாளிகளைக் கவனிக்கும்போது பேசுவது. நோயாளிக்காக அவர் தன் வாயைத் திறந்தார். நாம் போய் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்கிறோம். வலங்கைமானிலிருந்து உங்கள் ஊருக்கு வருகிற பஸ் ஆலங்குடி வழியாகத்தானே வருகிறது? அங்கே கோயில் கொண்டிருக்கிற, வாய் திறக்காமலே பாடம் சொன்ன தட்சிணாமூர்த்திக்கு ஜன்னல் வழியே கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து, இறங்கியதும் ‘ஏதாவது பேசுங்க மாமா’ என்பார்கள்.

அத்தை விஷயம். அவர் கோபித்ததில் நியாயம் இருக்கிறது. தெருவில் போகிறவனுக்கும் தனக்கும் ஒரே போர்டு என்பதைத் தங்கையோ அக்காவோ பொறுக்க மாட்டார். இன்றைக்கே போன் செய்யுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், வேலை சொல்லுங்கள். சாத்துக்குடிச் சாறு அந்தப் புண்ணில் பட்டால் எரியும், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். அத்தை வீட்டில் தென்னை இருந்தால் இளநீர் கொண்டுவரச் சொல்லுங்கள். கஞ்சியைக் குழைய வைத்து, ஆற வைத்து, ஸ்பூனால் ஊட்ட ஒரு ஆள் வேண்டும், எனக்குக் கை ஓயவில்லை என்று சொல்லுங்கள். ஊட்டுகிற கையைப் பார்த்து அப்பா வாய் திறக்க வேண்டியிருக்கும், ஆனால் பேச வேண்டியிருக்காது. அத்தை வந்து இறங்கும்போது நீங்கள் தெருமுனைவரை போய் ‘வாங்க அத்தை’ என்று சொல்லிப் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.