கராஜ் கதவுக்கு கீபேட்: வாங்குமுன் மோட்டாரின் பட்டன் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: ஒன்டாரியோவில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் இருவரும் சாவியை அடிக்கடி தொலைத்துவிடுகிறார்கள். கராஜ் கதவுக்கு வெளியே ஏற்கெனவே ஒரு கீபேட் இருக்கிறது. ஆனால் நான்கு எண்கள் தேய்ந்து, குளிர்காலத்தில் வேலையும் செய்வதில்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் எல்லா மோட்டாருக்கும் பொருந்தும் என்று சொல்லி மலிவு விலையில் நிறைய வருகின்றன. எதை நம்பி வாங்குவது? இந்த நான்கு இலக்க எண் உண்மையிலேயே பாதுகாப்பானதுதானா?

பதில்: கீபேடைத் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் ஏணி போட்டு ஏறி, கராஜ் கூரையில் தொங்கும் மோட்டாரைப் பாருங்கள். வெளியே மாட்டும் கீபேட் என்பது எண்களோடு கூடிய ஒரு ரிமோட், அவ்வளவுதான். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மோட்டாருக்குள் இருந்து அந்தச் சிக்னலை வாங்கும் ரிசீவர். அது பழைய வகையாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து கீபேட் வாங்கினாலும் பாதுகாப்பு அதிகரிக்காது.

மோட்டாரின் பின்பக்கத்திலோ விளக்கு மூடிக்குள்ளேயோ ‘லெர்ன்’ என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லைன், கிராஃப்ட்ஸ்மேன் ஆகிய பெயர்களில் வரும் மோட்டார்களில் பெரும்பாலானவை சேம்பர்லைன் என்ற ஒரே குழுமத்தின் தயாரிப்பு. அவற்றில் இந்தப் பட்டனின் நிறமே வயதைச் சொல்லிவிடும். பச்சை என்றால் 1990களின் நடுப்பகுதி. ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் ஏறக்குறைய 1997 முதல் 2005 வரை. ஊதா என்றால் அதற்குப் பிந்தியது. மஞ்சள் என்றால் 2011இலிருந்து வந்த ‘செக்யூரிட்டி பிளஸ் 2.0’ வகை. இவற்றில் பச்சை மட்டும் மாறாத குறியீட்டில் ஓடுவது. மற்ற மூன்றும் ரோலிங் கோடு, அதாவது ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் வகை. ஜீனி மோட்டாராக இருந்தால் ‘இன்டெலிகோடு’ என்ற சொல் மோட்டாரிலோ ரிமோட்டிலோ அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ரோலிங் கோடுதான்.

லெர்ன் பட்டனே இல்லாமல், ரிமோட்டைத் திறந்தால் உள்ளே 8 முதல் 12 வரை குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருந்தால், அது மிகப் பழைய வகை. 12 சுவிட்சுகளில் வரக்கூடிய சேர்க்கைகள் மொத்தமே 4,096. சாமி காம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2015இல் குழந்தைகளின் பொம்மை ஒன்றை மாற்றியமைத்து, இத்தகைய மாறாத குறியீட்டுக் கதவுகளை 10 விநாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். இந்தப் பழைய ரிசீவர்களுக்கு ஒரு குறியீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. இடைவெளியில்லாமல் ஓடும் இலக்கங்களில் சரியானது எங்கே தட்டுப்பட்டாலும் கதவைத் திறந்துவிடும். அதனால் எல்லாச் சேர்க்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மிகக் குறுகிய நேரத்தில் அனுப்பிவிட முடிகிறது. ரோலிங் கோடில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும், ஏற்கெனவே பயன்பட்ட குறியீட்டை ரிசீவர் ஏற்காது. தெருவில் நின்று உங்கள் சிக்னலைப் பதிவுசெய்து பிறகு ஒலிபரப்புபவருக்குக் கதவு திறக்காது.

ஆகவே உங்களுடையது சுவிட்ச் வகையாகவோ பச்சை பட்டனாகவோ இருந்தால், கீபேடுக்கு வைத்திருக்கும் பணத்தை ரிசீவரில் போடுங்கள். மோட்டார் நன்றாக ஓடுகிறது, இறங்கும் கதவில் ஏதாவது எதிர்ப்பட்டால் கதவு திரும்பி ஏறுகிறது, கீழே இருபக்கமும் போட்டோ-ஐ கண்கள் (கதவின் வழியில் எதுவும் குறுக்கிடுகிறதா என்று பார்க்கும் ஒளிக்கண்கள்) இருக்கின்றன என்றால், ரோலிங் கோடு ரிசீவர் பெட்டி ஒன்றை (உதாரணமாக லிஃப்ட்மாஸ்டர் 850 எல்எம்) மோட்டாரின் சுவர் பட்டன் முனைகளில் இணைத்துவிடலாம். அதன் பிறகு பழைய ரிசீவரின் ஏரியலை வெட்டுவது மட்டும் போதாது, பக்கத்தில் வந்து அனுப்பினால் அது இன்னும் கேட்கும். பழைய ரிசீவர் தனி அட்டையாக இருந்தால் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத அமைப்பென்றால் மோட்டாரையே மாற்றுவது நல்லது. போட்டோ-ஐ கண்களே இல்லாத மோட்டாரென்றால் யோசிக்கவே வேண்டாம்: அமெரிக்காவில் 1993 முதல் தயாரான வீட்டு மோட்டார்களுக்கு அது கட்டாயம். பிள்ளைகள் தாங்களாகக் கதவை ஏற்றி இறக்கப்போகும் வீட்டில் அதைவிடப் பழையதை வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது, புதிய கீபேட் வாங்குமுன்பே செய்ய வேண்டியது. வீடு கைமாறியிருக்கிறது. முன்பிருந்தவர்கள், அவர்களுடைய உறவினர், வாடகைக்கு இருந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என யார் யாரிடம் ரிமோட் இருக்கிறதோ தெரியாது. லெர்ன் பட்டனை 6 விநாடிக்கு மேல், பக்கத்து விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். சேம்பர்லைன் குழும மோட்டார்களில் இதோடு ரிமோட், கீபேட், காரின் பட்டன் எல்லாம் ஒரே அடியாக அழிந்துவிடும். ஜீனியில் முறை மாடலுக்கு மாடல் வேறுபடும், கையேட்டைப் பாருங்கள். பிறகு உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். பத்து நிமிட வேலை. வீடு வாங்கியவர்களில் பலர் முன்கதவுப் பூட்டை அன்றே மாற்றிவிட்டு இதை வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

இப்போது கீபேட். மோட்டாரின் அதே நிறுவனத்தின் கீபேடே முதல் தேர்வாக இருக்கட்டும். லிஃப்ட்மாஸ்டரின் 877 மேக்ஸ், பச்சை முதல் மஞ்சள் வரை நான்கு நிற பட்டன்களுக்கும் பொருந்தும். அண்மையில் வந்திருக்கும் மோட்டார்களில் வேறு நிறம் தென்பட்டால், நிறத்தை நம்பாமல் மோட்டாரின் மாடல் எண்ணைக் கொடுத்துப் பொருந்தும் கீபேடைக் கேளுங்கள். ஜீனிக்கு இன்டெலிகோடு கீபேட். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்பவை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அட்டையில் உங்கள் மோட்டாரின் பெயரும் ரோலிங் கோடு வகையும் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். 315, 390 மெகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசையை மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் குறியீட்டு முறை வேறாக இருந்தால் கதவு அசையாது.

கம்பி இழுத்து இணைக்கும் கீபேடுகளும் கிடைக்கின்றன. பேட்டரி வேண்டாம் என்பது அவற்றின் வசதி. ஆனால் மலிவானவற்றில் கதவைத் திறக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச், வெளிச்சுவரில் இருக்கும் அதே பெட்டிக்குள் இருக்கும். நான்கு திருகாணியைக் கழற்றி இரண்டு கம்பியைத் தொடவைத்தால் கதவு ஏறிவிடும், எண்ணே தேவையில்லை. கம்பி வகைதான் வேண்டுமென்றால், எண்பலகை வெளியிலும் கட்டுப்பாட்டுப் பெட்டி கராஜுக்குள்ளும் தனித்தனியாக வரும் மாடலை மட்டும் வாங்குங்கள். மஞ்சள் பட்டன் மோட்டார்களில் பெரும்பாலும் வெறும் கம்பித் தொடுப்பு வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கைரேகை கீபேட் உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. ஈரக் கை, பனியில் வெடித்த விரல் நுனி, கையுறை என்று பிள்ளைகள் வாசலில் நிற்க நேரிடும். யார் எப்போது திறந்தார்கள் என்று தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் வகை, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நல்ல துணை. ஆனால் அதற்குப் பொருத்தமான மோட்டாரும் கராஜுக்குள் எட்டும் வைஃபையும் வேண்டும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கீல் உள்ள மூடி அல்லது மேலிருந்து கீழே சறுக்கும் மூடி இருக்க வேண்டும். எண்களுக்குப் பின்னால் வெளிச்சம் வர வேண்டும். பேட்டரியை மாற்றச் சுவரிலிருந்து முழுவதையும் கழற்றத் தேவையில்லாத அமைப்பு நல்லது. தற்காலிக எண் வசதி இருந்தால், இத்தனை மணி நேரத்துக்கு அல்லது இத்தனை தடவைக்கு மட்டும் என்று வரையறுத்து, பழுது பார்க்க வருபவருக்குக் கொடுக்கலாம்.

உங்கள் பழைய கீபேடில் நான்கு எண்கள் தேய்ந்திருப்பதைச் சொன்னீர்கள். நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 சேர்க்கைகள் உண்டு. ஆனால் எந்த நான்கு எண்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டால் மிஞ்சுவது 24 மட்டுமே. ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அடித்துப் பார்த்துவிடலாம். ஓர் எண்ணை இரண்டு முறை வருமாறு வைத்தால் தேய்வது மூன்று எண்கள். சேர்க்கைகள் 36 ஆகக் கூடும். பெரிய வித்தியாசமில்லை. உண்மையான தீர்வு, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை எண்ணை மாற்றுவதும், முன்பு பயன்படுத்தாத எண்களைச் சேர்ப்பதும், மாற்றும் நாளில் ஈரத்துணியால் எல்லா எண்களையும் துடைப்பதும்தான். நான்கு இலக்கத்துக்கு மேல் ஏற்கும் கீபேட் கிடைத்தால் ஆறு வையுங்கள். வீட்டு எண், பிறந்த ஆண்டு, 1234, நடு வரிசையில் நேர்கோடாக இறங்கும் 2580 ஆகியவை வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் கீபேடை மோட்டாரோடு சேர்த்துவிடுங்கள். சேம்பர்லைன் குழும மோட்டாரில் லெர்ன் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு விட வேண்டும், விளக்கு எரியும். 30 விநாடிக்குள் கீபேடில் புதிய எண்ணை அடித்து, ‘என்டர்’ பட்டனை மோட்டார் விளக்கு மின்னும் வரையோ இரண்டு ‘கிளிக்’ ஒலி கேட்கும் வரையோ அழுத்திப் பிடிக்க வேண்டும். லெர்ன் பட்டனைத் தட்டுவதற்குப் பதிலாக நீண்ட நேரம் பிடித்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவதே இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சேர்ந்த பிறகு கதவை மூடிவிட்டு, மாட்டப்போகும் இடத்தில் கீபேடைக் கையில் பிடித்தபடி நான்கைந்து முறை இயக்கிப் பாருங்கள். அங்கிருந்து எடுபடவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

தரையிலிருந்து குறைந்தது 5 அடி உயரம், கதவு முழுவதும் கண்ணில் படும் இடம், நகரும் பாகங்களிலிருந்து விலகிய இடம். சின்னக் குழந்தை எட்டக் கூடாது என்பதற்கே இந்த உயரம். உங்கள் இளைய பிள்ளைக்கு எட்டவில்லை என்பதற்காகத் தாழ்த்தாதீர்கள். எட்டாத பிள்ளை தனியாகக் கதவை இயக்கும் வயதில் இல்லை. செங்கல் சுவரென்றால் செங்கல்லில் அல்லாமல் இடையே உள்ள சிமென்ட் பூச்சில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் வையுங்கள். செங்கல் விரிசல் விடாது, பின்னாளில் துளையை மூடுவதும் எளிது. பெட்டியின் மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் சிலிக்கான் பூசுங்கள். கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழியின்றி, பேட்டரி முனைகள் பச்சை பிடித்துவிடும்.

குளிர்காலத்தில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரிதான். சாதாரண அல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் சோர்ந்துவிடும். வெயில் வந்ததும் திரும்ப வேலை செய்வதால் கீபேடே பழுது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கீபேட் 9 வோல்ட் பேட்டரி கேட்டால் அதே அளவில் லித்தியம் வகை வாங்கி, ஒவ்வோர் அக்டோபரிலும் மாற்றுங்கள்.

எண்கள் பளிச்சென்று எரிந்தும் கதவு அசையாவிட்டால், உள்சுவர் பட்டனில் ‘லாக்’ அழுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள். சில மோட்டார்களில் அது இருந்தால் ரிமோட்டோடு கீபேடும் வேலை செய்யாது; சேம்பர்லைன் குழும மோட்டார்களில் பொதுவாக அது ரிமோட்டை மட்டுமே நிறுத்தும். ஊருக்குப் போகும்போது நீங்களே வேண்டுமென்று பயன்படுத்த வேண்டிய வசதியும் அதுதான். அடுத்த சந்தேகம் மோட்டாரில் மாட்டிய எல்இடி பல்பு. மலிவான எல்இடி பல்புகள் ரேடியோ இரைச்சல் எழுப்பும். பல்பைக் கழற்றியதும் கீபேட் வேலை செய்தால் காரணம் அதுதான், கராஜ் மோட்டாருக்கென்று விற்கும் பல்பை மாட்டுங்கள். கதவு திறக்கிறது ஆனால் மூட மறுக்கிறது என்றால் கீபேடைக் குறை சொல்லாதீர்கள். கீழே உள்ள போட்டோ-ஐ கண்களில் சிலந்திவலையோ பனியோ படிந்திருக்கும், அல்லது துடைப்பம் சாய்ந்து ஒரு கண் திரும்பியிருக்கும்.

மின்சாரம் போனால், மோட்டாரில் காப்பு பேட்டரி இல்லாவிட்டால் கீபேட் பயன்படாது. கராஜுக்கு வேறு கதவு இல்லையென்றால் வெளியிலிருந்து சாவியால் மோட்டாரை விடுவிக்கும் பூட்டு ஒன்றைக் கதவில் பொருத்துங்கள். அந்தச் சாவி நம்பகமான அண்டை வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு. கீபேடின் எண் வெளியே போனாலும் திருடனைத் தடுத்து நிறுத்துவது அதுதான். ஒன்டாரியோ கட்டட விதி அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது. கார்ப் புகை உள்ளே வராமலிருப்பதற்கான விதி அது. தானாக மூடுவது பூட்டுவதாகாது. வெளிக்கதவுக்குப் போடும் அதே தரத்தில் ஒரு டெட்போல்ட் போடுங்கள். பிள்ளைகளுக்குச் சாவி வேண்டாம் என்றால், இந்தக் கதவில் வேறொரு எண்ணோடு கூடிய எண்பூட்டு வையுங்கள். கராஜ் கீபேடின் எண்ணையே இங்கும் வைக்காதீர்கள். உள்ளே வந்ததும் வெளியே இருக்கும் பெரிய கதவு முழுவதும் இறங்கித் தரையைத் தொடும் வரை நின்று பார்த்துவிட்டே வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்குங்கள். பாதி இறங்கி, கண்கள் மறைந்து, திரும்ப ஏறி நின்ற கதவு மாலை வரை திறந்தே கிடக்கும்.