செஞ்சிக்குப் புது ஆட்கள் வர வேண்டுமா?

கேள்வி: செஞ்சிக்கோட்டையைப் பற்றி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு இணையதளம் நடத்துகிறோம். வரலாறு முழுவதையும் எழுதி வைத்திருக்கிறோம், ஆனால் படிக்க வருகிறவர்கள் ஏற்கெனவே கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்கள்தான். புதியவர்களை வரவழைக்கத் தளத்தை எப்படி மாற்றுவது? தேசிங்கு ராஜா கதையை எடுத்துவிட வேண்டுமோ என்றும் ஒரு தயக்கம்.
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: நீங்கள் அனுப்பிய முகப்புப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். ஆனந்தக் கோனில் ஆரம்பித்து ஆங்கிலேயர் வரை யார் யார் ஆண்டார்கள் என்ற பட்டியல்தான் முதலில் நிற்கிறது. உழைப்பு தெரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி செல்போனில் தேடுகிற குடும்பத்துக்கு முதலில் வேண்டியது வேறு: எந்த பஸ், எத்தனை மணிக்குத் திறப்பார்கள், அம்மாவுக்கு முட்டி வலி, ஏற முடியுமா? கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரி சுமார் 800 அடி உயரம், படிகள் செங்குத்து, வெயில் ஏறினால் பாறை சுடும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். கூடவே, ஏற முடியாதவர்களுக்குக் கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் கீழேயே இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாமலே பயணத்தைக் கைவிடுகிறவர்கள் உண்டு.

முகப்புக்கு ஒரே ஒரு படம் போதும்: உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவின் மேல் போகிற அந்தப் பாலம், அதில் நடக்கிற ஒரு ஆள். கோட்டை எவ்வளவு பெரியது என்பது அந்த ஆளை வைத்துத்தான் புரியும்.

அப்புறம், நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை, அவர் மகன் ராஜாராம் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்கி நின்ற இடம். புனேயிலிருந்து அதைப் பார்க்க வர நினைக்கிறவர் ‘ஜிஞ்ஜி’ என்றுதான் தேடுவார், உங்கள் தளத்தில் அந்தப் பெயரே இல்லை! செஞ்சி, ஜிஞ்ஜி, ஆங்கிலத்தில் எழுதுகிற இரண்டு மூன்று வடிவங்கள், எல்லாம் பக்கத்தில் எழுத்தாகவே இருக்கட்டும். பெயரைப் படத்துக்குள் எழுதி வைத்தால் தேடலில் அகப்படுவது கடினம். மராத்தியில் ஒரு பக்கம் கட்டாயம் போடுங்கள், அதை இயந்திர மொழிபெயர்ப்பிடம் மட்டும் விட்டுவிடாமல் மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள்.

தேசிங்கு ராஜாவை எடுத்துவிட வேண்டுமோ என்று தயங்கியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 1714 போரில் அவர் இறந்தது ஒரு பக்கம், நீலவேணிக் குதிரையும் அவர் நண்பர் மகமத்கானும் வருகிற கதைப்பாடல் இன்னொரு பக்கம், இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகச் சொல்லுங்கள். நேரம், கட்டணம் இரண்டையும் மாதம் ஒருமுறை சரிபார்த்து, பார்த்த தேதியைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.