மூளை மலேரியா: ரத்தம் சொல்லுமா மூளையின் சேதத்தை? – கேள்வி பதில்

நர்ஸிங் மாணவி: டாக்டர், மலேரியா கிருமி ரத்தத்தில்தானே இருக்கிறது, மூளை எப்படிக் கெடுகிறது?

ஃபால்சிபாரம் என்ற மலேரியா கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றனம்மா. கிருமி குழாயை விட்டு வெளியே வராது. ஆனாலும் மூளை வீங்கிவிடும். மலாவியின் பிளான்டயர் நகரில் மூளை மலேரியா வந்த குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த குழந்தைகளில் 84 சதவீதத்தினருக்குக் கடும் வீக்கம் இருந்தது.

அதே மாணவி: மூளை சேதமானதை அறிய ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

முக்கியமாக டௌ புரதம். நரம்பு செல்லின் நீண்ட இழைக்குள் இருக்கும். செல் சிதைந்தால் கசியும். ஒரு மில்லிலிட்டரில் சில பிக்கோகிராம்தான் வரும், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் சில பங்கு. ரத்தத்தில் புரதத்தை அளக்கும் சாதாரண எலைசா டெஸ்டுக்குச் சிக்காது. உகாண்டாவில் மூளை மலேரியா வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது உயர்ந்திருந்ததை 2021இல் வந்த ஆய்வு காட்டியது. உயர்ந்தவர்களில் இறப்பும் அதிகம்.

லேப் டெக்னீஷியன்: நரம்பு செல்லில் இருக்கும் என்.எஸ்.இ. என்ற நொதிக்கு எங்களிடம் டெஸ்ட் இருக்கிறதே சார், அது போதாதா?

சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருந்தால், அதாவது அதில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், என்.எஸ்.இ. போடாமல் திருப்பி அனுப்புவீர்கள் அல்லவா? சிவப்பணுவுக்குள்ளும் அது இருப்பதால்தான். மலேரியாவில் அந்த உடைசல் நோயாளியின் உடம்புக்குள்ளேயே நடக்கிறது! அளவு ஏறினால் மூளையிலிருந்து வந்ததா, உடைந்த சிவப்பணுவிலிருந்து வந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? மூளைச் சேதத்துக்குப் பார்க்கும் இன்னொரு புரதமான எஸ்100பி-யும் கொழுப்பு செல்லில், தோலின் நிறமி செல்லில் உண்டு. சரி, நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் நரம்புக்கே உரியதாயிற்றே என்றால், சிறுநீரகம் மந்தமானாலும் அது ரத்தத்தில் கூடும். கடும் மலேரியாவில் சிறுநீரகம் அடிபடுவது சகஜம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்களைப் படிக்கவே கூடாது என்பேன்.

மாணவி: ரிசல்ட் வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைப்பார்களா?

கூடவே கூடாது. மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட் ஊசியை உடனே போட வேண்டும். ரத்தச் சர்க்கரையை அப்போதே பார்க்க வேண்டும். மூளைச் சேதத்தைக் காட்டும் இந்த ரத்தக் குறியீடுகளெல்லாம் இப்போதைக்கு ஆராய்ச்சிக் கூடத்தோடு சரி.

கம்பாலாவில் வேலை பார்ப்பவர்: பக்கத்து வீட்டுக் குழந்தை கோமாவிலிருந்து எழுந்துவிட்டது. இனி பயமில்லையே?

உயிர் பிழைத்தது பெரிய விஷயம் தம்பி. ஆனால் நீங்கள் இருக்கும் உகாண்டாவிலேயே 2008இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடம் கழித்தும் நாலில் ஒரு குழந்தைக்கு அறிவுத்திறனில் குறை இருந்தது. வலிப்பு வருகிறதா, பேச்சு பின்தங்குகிறதா, பாடத்தில் கவனம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை போட்டு வைக்கட்டும்.