பிரசங்கம் கேட்பதும் வேதபாடம் வாசிப்பதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஞாயிறு கேட்ட பிரசங்கம் திங்கட்கிழமைக்குள் மறந்துவிடுகிறது. குறிப்பெடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் குறிப்பெடுக்கும் விதத்தில்தான் கோளாறு. போதகர் சொல்வதையெல்லாம் எழுதப் பார்த்தால் கை ஓடும், மனம் நின்றுவிடும். துணை வசனங்களாலேயே பக்கம் நிறைந்து, எந்தப் பகுதியின்மேல் பிரசங்கம் என்பதே காணாமல் போயிருக்கும். அரைப் பக்கம் போதும். மேலே வேதபகுதி. ஆராதனை முடிந்தபின், பிரசங்கம் எதை வற்புறுத்தியது என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே வாக்கியம். அடியில், புரியாத அல்லது ஒப்புக்கொள்ள முடியாத ஒரு விஷயம். இந்தக் கடைசி வரிதான் திங்கட்கிழமை உங்களை மறுபடியும் வேதத்தைத் திறக்க வைக்கும். இது போதகரை அவமதிப்பதாகாது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே ஆராய்ந்து பார்த்து, நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள் (அப்போஸ்தலர் 17:11).

ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய பகுதியைக் குறித்த அட்டவணைப்படி, மூன்றாண்டுச் சுழற்சியில் வேதபாடம் வாசிக்கும் சபையானால் வரும் வாரப் பகுதி முன்கூட்டியே தெரியும். சனிக்கிழமை அதை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: முதன்முறையாக ஆராதனையில் வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதில் கவனம் வேண்டும்?

பதில்: வாக்கியத்தின் கடைசிச் சொல்லில். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'இல்லை'யும் 'ஆகாது'வும் அங்கேதான் இருக்கின்றன. பலருக்கு மூச்சு தீர்வதும் அங்கேதான். 1 கொரிந்தியர் 13-இல் 'சினமடையாது, தீங்கு நினையாது' என்று வரும். அந்த 'யாது' தொண்டைக்குள் போய்விட்டால், பின்வரிசையில் இருப்பவருக்கு அன்பு சினமடைகிறது!

வீட்டில் இரண்டு முறை உரக்க வாசியுங்கள்; மனத்துக்குள் வாசிப்பது ஒத்திகை ஆகாது. எபேசியர் முதல் அதிகாரம் போன்ற நீண்ட வாக்கியங்களில் எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மைக் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுக் கீழே இருக்கட்டும். வாய்க்கு நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று இடிக்கும். பதிப்பாளர் சேர்த்த உபதலைப்புகளை வாசிக்க வேண்டாம். கடினமான பெயர்களை முந்தைய நாளே சொல்லிப் பழகுங்கள். அப்படியும் தடுமாறினால் நிற்காமல் போய்விடுங்கள். மன்னிப்புக் கேட்டால்தான் எல்லாரும் கவனிப்பார்கள்.

கேள்வி: எரேமியா 29:11-ஐ எனக்கான வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளலாமா? எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (வசனம் அச்சிட்ட சீட்டில்) அந்த வசனம்தான் வந்தது.

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் 10-ஆம் வசனத்தோடு. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்வதற்கு முந்தின வரியில், எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. வாசித்த பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அதனால்தான் 5-ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று பிரசங்கித்தான். ஜனங்களுக்கு எது இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அட்டையை அனனியாவின் காதால் கேட்கிறோமா, எரேமியாவின் காதால் கேட்கிறோமா என்பதுதான் விஷயம். அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்று அந்த வசனம் யாருக்கும் உறுதி கொடுக்கவில்லை.

கேள்வி: பிரசங்கத்தின்போது தூக்கம் வருகிறது. பாவமா?

பதில்: ஐத்திகு என்ற வாலிபன் பவுலின் பிரசங்கத்திலேயே தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மாடியிலிருந்து, விழுந்தான் (அப்போஸ்தலர் 20). பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், கண்டிக்கவில்லை. பிறகு விடியும்வரை பேசினார் என்பது வேறு விஷயம். சனிக்கிழமை இரவு சீக்கிரம் படுங்கள். விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள். வேதத்தை மடியில் திறந்து வைத்து, சொல்லப்படும் வசனத்தை விரலால் தொடருங்கள்.